எங்கே ஒழுகுகிறது என்று காட்டுவது யார்? ஒப்பந்தங்களில் ‘ஒத்துழைப்பு’ என்ற சொல்

வீடு ஒழுகுகிறது. கொத்தனாரிடம் பேசி, கூலியும் முடிவாகிவிட்டது. அவர் ஆட்களோடு வந்து நின்று, “எங்கெங்க பார்க்கணும், காட்டுங்க” என்கிறார். வீட்டுக்காரர் காட்டவில்லை. இன்று வேண்டாம், நாளைக்கு வாருங்கள் என்கிறார். நாளைக்குப் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. இப்படியே இழுத்து மழைக்காலம் வந்துவிடுகிறது. வேலை நடக்காததற்கு யார் பொறுப்பு?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. வாக்குக் கொடுத்தவர் அதை நிறைவேற்ற நியாயமாகத் தேவைப்படும் வசதியை வாக்குப் பெற்றவர் செய்து தர மறுத்தாலோ, அசட்டையாக இருந்தாலோ, அதனால் நின்றுபோன வேலைக்கு வாக்குக் கொடுத்தவர்மேல் குற்றமில்லை. 67ஆவது பிரிவு சொல்வது இது. அதன் கீழே தரப்பட்டிருக்கும் உதாரணமும் வீட்டு ரிப்பேர்தான்: பழுது எந்த இடத்தில் என்று காட்டாத வீட்டுக்காரர். மழையும் பூட்டிய கதவும் மட்டும் என் சேர்க்கை.

சிறு அறக்கட்டளைக்காரர்கள் சிலர் ஒப்பந்த வரைவு வந்தால் “ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க” என்று எனக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள்: பணம் எவ்வளவு, நாம் செய்யவேண்டிய வேலை என்ன. எதிர்த்தரப்பு நமக்கு எதைக் காட்ட வேண்டும், எதைத் தர வேண்டும், எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தவரை கூட்டு வேலைகள் உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம்

பேச்சுக்கு ஓர் உதாரணம். ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியில், அதாவது எல்லாரும் சொல்கிற சி.எஸ்.ஆர் பணத்தில், ஓர் ஏரியைச் சீரமைக்க முன்வருகிறது. வேலையைச் செய்யப்போவது உள்ளூர் அறக்கட்டளை. சீமைக்கருவேலம் வெட்ட வேண்டும், வண்டல் எடுக்க வேண்டும், கரையை உயர்த்த வேண்டும், மதகையும் வரத்துக்கால்வாயையும் சரிசெய்ய வேண்டும்.

இங்கே தரப்பு இரண்டா? ஒப்பந்தத்தில் கையெழுத்து இரண்டுதான். ஆனால் ஏரி இருவருக்கும் சொந்தமில்லை. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். உரிய அனுமதி இல்லாமல் ஒரு மண்வெட்டி மண்ணைக்கூட அள்ள முடியாது. ஆகவே இந்த ஒப்பந்தத்தின் முதல் கேள்வி, அனுமதி யார் வாங்குவது என்பதுதான்.

வரைவில் அந்த இடத்தில் வழக்கமாக இப்படி ஒரு வரி இருக்கும்: “தேவையான அனுமதிகள் உரிய அதிகாரிகளிடமிருந்து பெறப்படும்.”

பெறப்படும். யாரால்? செயப்பாட்டு வினையைப்போல் வசதியான ஒளிவிடம் ஒப்பந்த மொழியில் வேறில்லை. கம்பெனி, “களத்தில் இருப்பவர்கள் நீங்கள், நீங்கள்தானே வாங்குவீர்கள்” என்று நினைத்திருக்கும். அறக்கட்டளை, “பெரிய கம்பெனி, கலெக்டர் அலுவலகத்தில் அவர்கள் கடிதம்தான் எடுபடும்” என்று நினைத்திருக்கும். இரண்டு பேருமே நல்லெண்ணத்தோடுதான் இருப்பார்கள். மூன்று மாதம் ஓடியபிறகுதான் மனு போடவேயில்லை என்று தெரியவரும்.

கடமையை உருவாக்கும் ஒரு வாக்கியத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது இந்த ஒரு வரியைத் திருத்தினாலே விளங்கும். “அறக்கட்டளை, ஒப்பந்தம் கையெழுத்தான 15 நாள்களுக்குள் அனுமதி கோரும் மனுவை அளிக்க வேண்டும். மனுவுடன் இணைக்கவேண்டிய நிதி உறுதிக் கடிதத்தைக் கம்பெனி, அறக்கட்டளை கேட்ட 7 நாள்களுக்குள் தர வேண்டும். மனு அளித்த 60 நாள்களுக்குள் அனுமதி வராவிட்டால், இரு தரப்பும் கூடிப் பேசி, கால அட்டவணையை மாற்றவோ வேறு ஏரியைத் தேர்ந்தெடுக்கவோ வேண்டும்.” யார், எதை, எப்போதுக்குள், நடக்காவிட்டால் என்ன என்ற நான்குமே இதில் வந்துவிடுகின்றன. நடுவில் இருக்கும் அந்த 7 நாள் வாக்கியத்தைக் கவனியுங்கள். கொத்தனாருக்கு ஒழுகும் இடத்தைக் காட்டும் வாக்கியம் அதுதான்.

வினைமுற்றும் முக்கியம். “செய்ய வேண்டும்” என்பது கடமை. “செய்யலாம்” என்பது உரிமை; செய்யாவிட்டாலும் யாரும் கேட்க முடியாது. “செய்ய முயலும்” என்பது இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. அது எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லும் ஒரு வழக்கு இருக்கிறது. சற்றுக் கழித்து வருகிறேன். உங்கள் வரைவை எடுத்து, நம் தரப்பு வாக்கியங்கள் எந்த வினையில் முடிகின்றன, எதிர்த்தரப்பு வாக்கியங்கள் எதில் முடிகின்றன என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். நமக்கு எல்லாம் “வேண்டும்”, அவர்களுக்கு எல்லாம் “லாம்” என்று வந்தால், அதைக் கூட்டு ஒப்பந்தம் என்று சொல்வது மரியாதைக்காகத்தான்.

இன்னொன்று. இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வேலையை நடத்தும் களப்பணியாளர்களோ தமிழில் யோசிப்பவர்கள். தமிழாக்கம் ஒன்றை இணைப்பாக வைத்துக்கொள்வது நல்லது. முரண்பாடு வந்தால் எந்தப் பிரதி செல்லும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

யார் முதலில்?

இருவரும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில், கடமைகளுக்கு வரிசை உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 51 முதல் 54 வரையுள்ள பிரிவுகள் இந்த வரிசையைப் பற்றியவை. ஒப்பந்தத்திலேயே வரிசை சொல்லியிருந்தால் அதுதான். சொல்லாவிட்டால், அந்த வேலையின் இயல்பு எந்த வரிசையைக் கேட்கிறதோ அது. வீடு கட்டித் தருகிறேன், பணம் தருகிறேன் என்று இருவர் பேசிக்கொண்டால், கட்டுவது முதலில், பணம் பிறகு. சட்டத்தின் உதாரணமே அதுதான்.

54ஆவது பிரிவின் உதாரணத்தில் ஒரு கப்பல் வருகிறது. கல்கத்தாவிலிருந்து மொரீஷியசுக்குச் சரக்கு கொண்டுபோக ஒருவர் கப்பலை வாடகைக்குப் பேசுகிறார். சரக்கைத் தரவேண்டியவர் அவர்தான். சரக்கே வரவில்லை. அப்படியானால் கப்பலை ஓட்டு என்று அவர் கேட்க முடியாது. அதோடு, ஒப்பந்தம் நிறைவேறாததால் கப்பல்காரருக்கு ஏற்பட்ட நட்டத்தையும் அவரே ஈடுகட்ட வேண்டும்.

நம் ஏரிக்கு இதைக் கொண்டுவந்தால், சரக்கு என்பது தவணைப் பணம். சி.எஸ்.ஆர் ஒப்பந்தங்களில் பணம் தவணையாக வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது ‘யூ.சி’, கொடுத்தால்தான் இரண்டாவது வரும். கணக்குக் கேட்பது நியாயம். சில வரைவுகளில் நுணுக்கமான ஒரு முடிச்சு விழுந்திருக்கும்: முதல் தவணை 30 சதவீதம், 50 சதவீத வேலை முடிந்ததாகப் பொறியாளர் சான்று தந்தால் இரண்டாவது தவணை. நடுவில் உள்ள 20 சதவீத வேலைக்குப் பொக்லைன் வாடகையும் டீசலும் யார் தருவது? அறக்கட்டளையின் நிர்வாகி சொந்த நகையை அடகு வைத்து வேலையை ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் யாரும் தப்பாக எழுதவில்லை. இரண்டு வாக்கியங்களை இரண்டு பேர் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கம்பெனி ஏன் யூ.சி கேட்டு நச்சரிக்கிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்ற அளவுகளில் ஒன்றை முந்தைய நிதியாண்டில் எட்டிய கம்பெனி, கடந்த மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கொடுத்த பணம் சொன்னபடி செலவானது என்று அந்தக் கம்பெனியின் தலைமை நிதி அலுவலர் சான்று தர வேண்டும். நம் யூ.சி தாமதமானால் அவருடைய கையெழுத்து தாமதமாகும். செலவாகாமல் நிற்கும் பணத்துக்கும் விதி உண்டு: பல ஆண்டுத் திட்டமாக இருந்தால், நிதியாண்டு முடிந்து 30 நாள்களுக்குள் தனிக் கணக்குக்கு மாற்ற வேண்டும், அப்படிப்பட்ட திட்டம் இல்லையென்றால் 6 மாதங்களுக்குள் அரசு குறிப்பிட்ட நிதிகளில் ஒன்றில் சேர்க்க வேண்டும்.

இதனால் வருகிற ஒரு வேடிக்கையை ஏரி வேலை செய்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். கம்பெனியின் நாள்காட்டி மார்ச் 31இல் முடிகிறது. ஏரியின் நாள்காட்டி வடகிழக்குப் பருவமழையில், அக்டோபரில் தொடங்குகிறது. பணம் பிப்ரவரியில் வந்து “மார்ச்சுக்குள் முடியுங்கள்” என்பார்கள். அனுமதியோ மே மாதம் வரும். ஆகஸ்டில் ஒப்பந்தத் திருத்தம் போகும். கையெழுத்தாகித் திரும்புகையில் ஏரியில் தண்ணீர் நிற்கும். ஒப்பந்தக் காலத்தைத் தேதியால் மட்டும் சொல்லாமல், “அனுமதி கிடைத்த நாளிலிருந்து இத்தனை வாரம், ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான நாள்கள் கணக்கில் சேரா” என்று எழுதினால் பாதித் தலைவலி குறையும். இப்படி எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதலாம், பல ஆண்டுத் திட்டமாக அங்கீகரித்துக்கொண்டால், தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகள்வரை சி.எஸ்.ஆர் விதிகளே இடம் கொடுக்கின்றன.

கூடவே, அறக்கட்டளைகளை அதிகம் குழப்பும் ஒன்று. சி.எஸ்.ஆர் விதிகளில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர் பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்குத்தான். ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. “விதிப்படி உங்களுக்கு 5 சதவீதம்தான்” என்று யாராவது சொன்னால், எந்த விதி என்று பணிவாகக் கேளுங்கள்.

பிளாக்பூல் விமான நிலையத்தின் விடியற்காலை

இப்போது, “முயலும்” என்ற சொல்லின் எடைக்கு வருகிறேன்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் பிளாக்பூல் என்றொரு கடலோர ஊர். 2005இல் அதன் விமான நிலையமும், மலிவுக்கட்டண விமான நிறுவனமான ஜெட்2வும் ஒரு கடித ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 15 ஆண்டுக் காலம். ஒப்பந்தமோ மிகச் சுருக்கம். அதில் ஒரு வாக்கியம். தமிழில் சொன்னால்: இரு தரப்பும் ஒத்துழைத்து, ஜெட்2வின் மலிவுக்கட்டணச் சேவையை வளர்க்கத் தங்களால் இயன்ற முழு முயற்சியையும் செய்யும், மேலும் ஜெட்2வின் குறைந்த கட்டணத்துக்கு உதவும் செலவமைப்பைத் தர விமான நிலையம் நியாயமான முயற்சிகள் அனைத்தையும் செய்யும்.

விமான நிலையம் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடும் என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அறிவிக்கப்பட்ட நேரம் காலை 7 முதல் இரவு 9 வரை. மலிவுக்கட்டண நிறுவனம் பிழைப்பது ஒரே விமானத்தை நாளில் பலமுறை ஓட்டித்தான். அதற்கு விடியுமுன் கிளம்ப வேண்டும், இருட்டியபின் இறங்க வேண்டும். நாலு வருடம் விமான நிலையம் அந்த நேரங்களிலும் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டது. அதில் அதற்கு நட்டம். 2010 அக்டோபரில், இனிமேல் அறிவித்த நேரத்துக்கு வெளியே விமானங்களை ஏற்கமாட்டோம் என்று ஏழு நாள் அவகாசம் கொடுத்துச் சொல்லிவிட்டது.

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், 2012இல் தீர்ப்பானது. விமான நிலையத்தின் வாதம்: “முழு முயற்சி என்றால் எங்கள் கைக்காசை இழந்து முயல்வது என்றா பொருள்?” மூன்று நீதிபதிகளில் இருவர் ஜெட்2 பக்கம் நின்றார்கள். விடியற்காலையும் இரவும் பறக்க முடிவது அந்தத் தொழிலுக்கு உயிர்; சேவையை வளர்க்க முயல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு அதை நிறுத்த முடியாது; நட்டம் வருகிறது என்பது மட்டுமே கடமையிலிருந்து விடுபடப் போதுமான காரணமல்ல என்றார்கள். மூன்றாமவர் ஒப்பவில்லை, ஒப்பந்தத்தில் இல்லாத திறப்பு நேரத்தை முயற்சி என்ற சொல்லுக்குள்ளிருந்து எடுக்க முடியாது என்பது அவர் பக்கம்.

அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியைப் பற்றிச் சொன்னது எனக்கு இன்னும் சுவையாகப் பட்டது. ‘குறைந்த கட்டணத்துக்கு உதவும் செலவமைப்பு’ என்பது எதைக் குறிக்கிறது என்றே தெளிவில்லை, அதை அமலாக்குவது கடினம் என்ற தொனியில் பெரும்பான்மைத் தரப்பிலேயே பேசப்பட்டது. ஒரே வாக்கியம். முதல் பாதி விமான நிலையத்தை விடியுமுன் எழுப்பிவிட்டது. இரண்டாம் பாதி காற்றில் போயிற்று. எதற்காக முயல்வது என்று கண்ணுக்குத் தெரிந்தால் முயற்சி கடமையாகிறது. இலக்கே மங்கலாக இருந்தால் எவ்வளவு பலமான முயற்சிச் சொல்லைப் போட்டாலும் பயனில்லை.

இங்கிலாந்துத் தீர்ப்பு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டாகக் காட்டி வாதாடலாம். ஆனால் இதே கருத்தின் வித்து நம் ஒப்பந்தச் சட்டத்திலும் இருக்கிறது. பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது என்கிறது 29ஆவது பிரிவு. உதாரணம்: ஒருவர் “நூறு டன் எண்ணெய்” விற்பதாக ஒப்புக்கொள்கிறார். என்ன எண்ணெய்? தெரியாது, செல்லாது. அதே வார்த்தையைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி சொன்னால்? அவர் தொழிலே பதில் சொல்லிவிடுகிறது, செல்லும். கூட்டு வேலைக்கும் இதைப் பொருத்தலாம். ஏற்கெனவே பல வருடம் ஒரு முறையில் பழகி வந்த இரண்டு நிறுவனங்கள் ‘வழக்கம்போல்’ என்று எழுதினால் அதற்கொரு பொருள் உண்டு. நேற்றுத்தான் அறிமுகமானவர்கள் எழுதினால் அது நூறு டன் எண்ணெய்.

ஒத்துழைப்பைப் பிடித்து நிறுத்துவது

“இரு தரப்பும் பரஸ்பர ஒத்துழைப்புடன் நல்லெண்ண அடிப்படையில் செயல்படும்.” இந்த வரியை வெட்டச் சொல்ல மாட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும், கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்பதுபோல. ஆனால் அதன் கீழே வேலை செய்யும் வாக்கியங்கள் வேண்டும்.

இரு பக்கமும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். பெயரை ஒப்பந்தத்தில் எழுதாமல் பதவியை எழுதுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் கம்பெனிகளில் சி.எஸ்.ஆர் மேலாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பொறுப்பாளர் மாறினால் இத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளலாம். மாதம் ஒரு கூட்டம். பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி மின்னஞ்சலில் அனுப்புவது யார் வேலை என்பதும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் “ஓகே சார்” என்று வந்ததை ஒப்புதலாகக் கொள்ளலாமா என்று ஒப்பந்தமே சொல்லிவிட்டால் நிம்மதி.

எனக்கு மிகப் பிடித்த ஷரத்து ஒன்று உண்டு. ஒரு தரப்பு அனுப்பிய வரைபடத்துக்கோ அறிக்கைக்கோ எதிர்த்தரப்பு 10 வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லாவிட்டால், ஒப்புதல் தந்ததாகவே கொள்ளப்படும் என்பது அது. மௌனம் சம்மதம் என்று நாம் பேச்சில் சொல்வதை ஒப்பந்தம் தானாக ஏற்பதில்லை. எழுதி வைத்தால்தான் உண்டு. கம்பெனிகள் இதை முதலில் எதிர்க்கும். பணம் தொடர்பான ஒப்புதலுக்கு வேண்டாம், வடிவமைப்புக்கும் அறிக்கைக்கும் மட்டும் போதும் என்று இறங்கிவந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். குறைந்தபட்சம், “பதில் தாமதமான நாள்கள் அளவுக்கு வேலை முடிக்கும் கெடுவும் நீளும்” என்றாவது வாங்கிவிடுங்கள். 67ஆவது பிரிவைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகாமலே அதன் பலனைப் பெறும் வழி இது.

பெயரில் பல குழப்பங்கள்

இப்படிப்பட்ட ஆவணத்தின் தலைப்பில் ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ என்று போட்டிருந்தால் அது சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று பலர் நம்புகிறார்கள். தலைப்பு எதையும் தீர்மானிப்பதில்லை. உள்ளே இருக்கும் வாக்குகளும், கட்டுப்படும் எண்ணம் தெரிகிறதா என்பதும்தான் தீர்மானிக்கும். கட்டுப்படுத்தக் கூடாது என்று உண்மையிலேயே நினைத்தால் அதை வெளிப்படையாக எழுத வேண்டும். அப்போதும் ரகசியம் காப்பது போன்ற சில ஷரத்துகள் மட்டும் கட்டுப்படுத்தும் என்று பிரித்து எழுதுவது வழக்கம்.

இன்னொரு விநோதம். பக்கத்துக்குப் பத்துமுறை ‘பார்ட்னர்’ என்று அழைத்துவிட்டுக் கடைசியில், “இதில் உள்ள எதுவும் தரப்பினரிடையே கூட்டாண்மையை உருவாக்காது” என்று ஒரு ஷரத்து வரும். முரண்பாடுபோலத் தெரியும், காரணம் இருக்கிறது. 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தில் கூட்டாளி என்பது லாபத்தைப் பகிர்ந்துகொள்ளச் சேர்ந்து தொழில் செய்பவர். அங்கே நிறுவனத்தின் செயல்களுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. ஏரிக்கரையில் அறக்கட்டளை வாங்கிய டீசல் கடனுக்குக் கம்பெனியைக் கேட்கவோ, கம்பெனியின் கடனுக்கு அறக்கட்டளையை இழுக்கவோ இடம் தராமல் இருக்கத்தான் அந்த வரி. அது இருக்கட்டும், வெட்டாதீர்கள்.

மூன்றாவது தரப்பு சேரும்போது

அறக்கட்டளை வேலையின் ஒரு பகுதியை இன்னொரு சிறு அமைப்பிடம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியோடு கையெழுத்திட்டது அறக்கட்டளை மட்டுமே. அந்தச் சிறு அமைப்பைக் கம்பெனி ஒப்பந்தம் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆகவே மேல் ஒப்பந்தத்தின் கடமைகளைக் கீழ் ஒப்பந்தத்திலும் அப்படியே இறக்க வேண்டும். பில்லை எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதிலிருந்து குழந்தைகளைப் புகைப்படம் எடுக்க அனுமதி வாங்குவதுவரை.

பணம் வெளிநாட்டிலிருந்து வந்தால் கதையே வேறு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், எஃப்.சி.ஆர்.ஏ, 2010இல் வந்தது. பதிவு பெற்ற ஓர் அமைப்பு, பதிவு பெற்ற இன்னோர் அமைப்புக்கு அந்தப் பணத்தைக் கொடுக்க முன்பு வழி இருந்தது. 2020 திருத்தம் 7ஆவது பிரிவை மாற்றி, எவருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று அடைத்துவிட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகச் சுருங்கியது. பெரிய அமைப்பு பணத்தைப் பெற்றுக் கிராமத்து அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை, பல பத்தாண்டுகளாக நடந்துவந்த முறை, ஒரே திருத்தத்தில் நின்றுபோயிற்று. பழைய மாதிரி ஒப்பந்தத்தை இன்றும் நகலெடுத்து “நிதியைத் துணை அமைப்புக்கு வழங்கும்” என்று எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வரி இருந்தால் உங்கள் பதிவுக்கே ஆபத்து. இருவரும் மனமுவந்து கையெழுத்திட்டாலும் சட்டம் தடுத்ததை ஒப்பந்தம் செல்லுபடியாக்காது.

சின்ன விஷயம்போலத் தெரியும் பெயர்ப்பலகையையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் ‘இன்ன நிறுவனத்தின் உதவியுடன்’ என்று பலகை வைக்கும் கடமையை அறக்கட்டளைமேல் வைப்பார்கள். நன்றிக்காகப் பெயரைப் போடுவது வேறு. கம்பெனியின் பொருளுக்கு விளம்பரம் செய்வது வேறு. 2019 அக்டோபரில் வந்த ஜி.எஸ்.டி சுற்றறிக்கை ஒன்று இந்தக் கோட்டைப் போட்டது. நன்கொடையாளரின் பெயரைத் தொழில் விளம்பரமில்லாமல் காட்டினால் அதற்கு வரி இல்லை. பலகையில் பொருளின் படமும் வாசகமும் ஏறிவிட்டால், நன்கொடை என்பது விளம்பரச் சேவைக்கான கட்டணமாகப் பார்க்கப்படலாம். பலகையின் வாசகத்தை ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே வைத்துவிடுங்கள்.

பிரியும்போது

கசப்பு வந்தபின் படிக்கப்படும் ஷரத்துகள் மூன்று: இழப்பீடு, தகராறு, முடித்துக்கொள்வது.

இழப்பீட்டில் “தாமதமான ஒவ்வொரு வாரத்துக்கும் இவ்வளவு” என்று தொகை எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி அது உச்சவரம்பு மட்டுமே. நீதிமன்றம் அதற்குள் நியாயமான தொகையைத்தான் தரும். மிரட்டலாக எழுதப்பட்ட பெரிய எண்ணைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம். அதற்காகப் படிக்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

தகராறுக்கு நடுவர் என்று எழுதியிருப்பார்கள். “நடுவரை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நியமிப்பார்” என்று இருந்தால் நிறுத்திப் படியுங்கள். முடிவில் அக்கறையுள்ள தரப்பு தானே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் பழைய வரைவுகளில் அந்த வரி இன்னும் உலவுகிறது. நடுவருக்குமுன் இரண்டு படிகள் வையுங்கள்: முதலில் பொறுப்பாளர்கள் பேச 15 நாள், பிறகு தலைமைகள் பேச 15 நாள். ஏரி அளவிலான வேலைக்கு நடுவர் செலவு கட்டுப்படியாகாது. உண்மையில் தகராறு தீருவது இந்த இரண்டாம் படியில்தான்.

முடித்துக்கொள்ளும் ஷரத்தில் “30 நாள் முன்னறிவிப்பில் எந்தத் தரப்பும் முடித்துக்கொள்ளலாம்” என்று இருக்கும். சமத்துவமான வரிதான். ஆனால் கம்பெனி போனால் அதற்கு ஒரு கோப்பு மூடப்படும். அறக்கட்டளைக்கோ பாதி வெட்டிய கரையும், கூலி கேட்டு நிற்கும் ஆட்களும் மிஞ்சுவார்கள். ஏற்கெனவே உறுதிசெய்த செலவுகளை, முன்னறிவிப்பு நாளுக்கு முன் கையெழுத்தான பொக்லைன் வாடகை உட்பட, நிதி தருபவர் ஏற்க வேண்டும் என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். வேலையை எந்தப் பருவத்தில் நிறுத்தக் கூடாது என்பதையும் எழுதலாம். செப்டம்பரில் கரையைத் திறந்து போட்டுவிட்டுப் பிரிந்தால், அடுத்த மழையில் பாதிக்கப்படுவது கையெழுத்தே போடாத ஊர்.

ஒப்பந்தம் முடிந்தபிறகும் தொடரும் கடமைகளைத் தனிப் பத்தியாகப் பட்டியலிட்டுவிடுங்கள். கணக்குப் பெட்டியைக் கேட்டால் காட்டுவது, வரைபடங்களின் நகலை நீர்வளத் துறையிடமோ ஒன்றியத்திடமோ ஒப்படைப்பது, பலகையைப் பராமரிப்பது. மதகின் சாவி யாரிடம் என்பதையும் அதில் எழுதுங்கள். நான் பார்த்த ஓர் ஒப்பந்தத்தில் 41 பக்கம் இருந்தது. சாவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. முதல் மழைக்கு ஊர்க்காரர்கள் பூட்டை உடைத்துத்தான் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.